நிற்பவர்களின் கால்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சென்னை ரங்கநாதன் தெருவிலோ மதுரை விளக்குத்தூண் பக்கமோ ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைகிறவரின் கண் துணியில்தான் விழும். அந்தத் துணியை எடுத்து விரித்துக் காட்டுகிற பெண் காலையில் கடை திறந்தபோது நிற்கத் தொடங்கியவர். இரவு கடைசி வாடிக்கையாளர் படியிறங்கும்வரை நிற்பார். ரங்கநாதன் தெருவின் கடைப்பணியாளர் வாழ்க்கையை 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைக்குக் கொண்டுவந்தது. ஜவுளிக்கடை கண்ணுக்குத் தெரிகிற இடம். தோசைக்கல் முன்னால் நிற்கும் மாஸ்டர், சலூன்காரர், வார்டில் இருக்கும் செவிலியர், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன் நிற்கும் பெண்கள், ஏ.டி.எம். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி என்று நின்றே சம்பாதிக்கிறவர்களின் பட்டியல் நீளமானது.

கால் வலிக்கிறது என்று இவர்கள் சொன்னால் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை, தைலம் தேய், தூங்கு. அது இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பிரச்சினையைப் பற்றிச் சேர்ந்திருக்கும் மருத்துவ ஆய்வுகளைத் தொடர்ந்து படித்தால் அவை வேறொரு பக்கம் கைகாட்டுகின்றன. காலைக் கெடுப்பதில் பெரும்பங்கு அசையாமல் நிற்பதற்கு. அப்படியானால் வைத்தியத்தின் பெரும்பங்கும் வேலை நேரத்துக்குள்ளேயே, கடைக்குள்ளேயே நடக்க வேண்டும். காலைப் பேணுவது தொழிலாளியின் வீட்டுக் கடமை என்று ஒதுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினையைக்கூடத் தொட முடியாது.

முதலில் காலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதயம் ரத்தத்தைப் பாதம்வரை தள்ளிவிடுகிறது. அங்கிருந்து இதயம்வரை அதை மேலே ஏற்றுவதற்குக் கால்களின் உதவி வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் உள்ளே ஓடும் ஆழ்சிரைகள் அழுந்தி, ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. தெருமுனை அடிபம்பைப் போலத்தான்: கைப்பிடி அசைந்தால் தண்ணீர் ஏறும், நின்றால் நின்றுவிடும். அசையாமல் நிற்கிற ஒருவரின் பாதத்துச் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரச அளவுக்குப் போகிறது. அவரே சில தப்படிகள் நடந்தால் அது 30 அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடுகிறது. படுத்திருந்தவர் எழுந்து நின்ற உடனேயே அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்குப் போய்த் தேங்கிவிடும். அணிவகுப்பில் விறைத்து நிற்கும் சிப்பாய் சில நேரம் மயங்கி விழுவது இதனால்தான். பூட்ஸுக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கும்படி அவர்களுக்குச் சொல்லித்தருவதும் இதற்காகத்தான்.

அழுத்தம் மணிக்கணக்கில் நீடித்தால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் கோத்துக்கொள்கிறது. காலையில் தளர்வாகச் சுழன்ற கொலுசு சாயங்காலம் தோலில் பதிந்து கிடக்கும். மெட்டி இறுகும். சாக்ஸின் விளிம்பு வட்டமாகத் தடம் போடும். ராத்திரி படுத்தெழுந்தால் இது வடிந்துவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் இதே அழுத்தத்தைத் தாங்கும் சிரைகள் விரிந்துபோய், வால்வுகளின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன. அப்போது தோன்றுவதுதான் 'நரம்பு சுருட்டல்' என்று ஊரில் சொல்லும் சுருள்சிரை நோய். அதற்கு அடுத்த கட்டத்தில் கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்து, அரித்து, தடித்து, கடைசியில் ஆறாத புண்ணாகிறது. பரம்பரை, கர்ப்பம், வயது, உடல் எடை ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. அதனால் பத்தாண்டு நின்ற இருவரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதும் நடக்கும். அதைக் காட்டி வேலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதம் நிற்காது.

இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதுமல்ல. இத்தாலியின் மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி 1700இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி வெளியிட்ட நூலில், நின்று வேலை செய்வோருக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சிரைகள் சுருண்டு புடைப்பதை அவர் அதில் எழுதியிருக்கிறார். நடப்பதைவிட ஒரே இடத்தில் நிற்பது ஏன் அதிகம் களைக்கவைக்கிறது என்றும் யோசித்திருக்கிறார். நிற்கும்போது அதே தசைகள் ஓய்வே இல்லாமல் இறுகியிருக்கின்றன என்பது அவர் கண்ட விடை. முந்நூறு ஆண்டுகள் கழித்து, 2015இல், சூரிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதை அளந்து காட்டினார்கள். இளையவர்களையும் ஐம்பதைக் கடந்தவர்களையும் ஐந்து மணி நேரம் நின்று வேலை செய்யவைத்தார்கள். இடையிடையே உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் விட்டார்கள். வேலை முடிந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும் கால் தசைகளின் சோர்வு போகவில்லை. இளையவர்களின் கால்களிலும் அதே நிலைதான். இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: சோர்வு தீர்ந்துவிட்டதாக அவர்கள் உணர்ந்த நேரத்திலும் தசைகளில் அது மிச்சமிருந்தது. 'எனக்குப் பழகிப்போச்சு' என்று சொல்லும் தொழிலாளி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் உணர்வை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

பெரிய அளவிலான கணக்கெடுப்புகளும் இருக்கின்றன. டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஆய்வின்படி, வேலை நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் நின்றோ நடந்தோ கழித்தவர்கள் சுருள்சிரைக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால், ஆண்களில் 1.75 மடங்கு, பெண்களில் 1.82 மடங்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,320 பேரை 12 ஆண்டுகள் கவனித்து 2018இல் வந்த முடிவு இன்னும் கவலை தருவது: பெரும்பாலும் நின்றே செய்யும் வேலைகளில் இருந்தவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நிற்கும் வேலைகள் பொதுவாகக் குறைந்த சம்பள வேலைகள். ஆய்வாளர்கள் எவ்வளவுதான் கணக்கில் சரிக்கட்டினாலும் வறுமையின் பாதிப்பை நிற்பதன் பாதிப்பிலிருந்து முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது என்பது என் கருத்து. அதைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது சிறியதல்ல.

இவற்றோடு பழைய ஆய்வு ஒன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1953இல் ஜெர்ரி மாரிஸ் லண்டன் பேருந்துத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று கண்டார். நடத்துநரும் நாளெல்லாம் காலில்தான் இருந்தார். ஆனால் அவருடைய கெண்டைக்கால் ஓயாமல் வேலை செய்தது. ஒன்டாரியோவையும் லண்டனையும் சேர்த்துப் படித்தால் கடைக்காரருக்கு ஒரு தெளிவான செய்தி கிடைக்கும்: ஒரே கவுன்டரில் ஒருவரை நட்டுவைப்பது மிக மோசமான ஏற்பாடு.

பாதத்துக்கு வருவோம். 26 எலும்புகளாலான பாதத்தின் அடியில், குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. நாளெல்லாம் எடையைத் தாங்கி அது குதிகாலோடு சேரும் இடத்தில் நைந்துபோனால், காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியே உயிர் போகிற வலியைத் தரும். கொஞ்சம் நடந்ததும் குறையும், மாலையில் திரும்ப வரும். ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். கெண்டைக்கால் தசை இறுகிப்போனவர்களுக்கு இது கூடுதலாக வரும். அதனால்தான் மருத்துவர்கள் மாத்திரையைவிட நீட்டிப் பழகும் பயிற்சியை வற்புறுத்துகிறார்கள். கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன் கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாகப் பத்து எண்ணும்வரை வளைத்து வைப்பது, சுவரில் கையூன்றி ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய்வது, தண்ணீரை உறையவைத்த சிறு பாட்டிலை உள்ளங்காலின் கீழ் உருட்டுவது. எல்லாமே காசில்லாத வைத்தியம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நம் கடைகளுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. பட்டுச்சேலைப் பிரிவுகள் பலவற்றில் பணியாளர்கள் வெறுங்காலோடு நிற்கிறார்கள். கீழே கிரானைட் அல்லது பளபளக்கும் டைல்ஸ். வெறுங்கால் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. வயல் வரப்பில் நடக்கும் கால் ஒவ்வோர் அடிக்கும் வேறு விதமாக வளைகிறது, எடை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. டைல்ஸ் தரையிலோ குதிகாலின் அதே கொழுப்புத் திட்டு அதே கடினத்தைப் பத்து மணி நேரம் தாங்குகிறது. தோல் காய்ந்து பித்தவெடிப்பு ஆழமாகிறது. கடையின் வழக்கத்தை மாற்ற முடியாதென்றால், கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ளும் சுத்தமான மெத்தென்ற செருப்புக்கு அனுமதிக்கலாம். இல்லை, கவுன்டருக்குப் பின்னால் தடித்த ரப்பர் விரிப்பாவது போடலாம். விரிப்பு அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால் கால் நிலைகொள்ளத் தசை கூடுதலாக உழைக்க வேண்டிவரும். அழுத்தினால் சற்றே உள்வாங்கி உடனே திரும்புவதுதான் நல்ல விரிப்பு.

செருப்பு வாங்குவதில் சில விஷயங்களில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. சாயங்காலம் வாங்க வேண்டும், கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். நின்றபடி அளவு பார்க்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். பலருக்கு மிக நீளமானது இரண்டாவது விரல் என்பதை மறக்கக்கூடாது. குதிகால் பக்கம் உறுதியாக இருந்து, வளைவது விரல்கள் மடங்கும் இடத்தில் இருக்க வேண்டும். பின்வார் இல்லாத ரப்பர் செருப்பில் அது நழுவாமலிருக்க விரல்கள் ஓயாமல் பற்றிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க நிற்பதற்கு அது உதவாது. ஷூ போடுகிறவர் முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு நாளின் வியர்வை காய ஒரு நாள் வேண்டும்.

காலணியின் கதையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையான பக்கம் உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் ஏன் புண்ணாகி அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோய் சதையை அழுகவைக்கிறது என்பதே அன்றைய நம்பிக்கை. உணர்ச்சியிழந்த பாதத்தின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாக்குகிறது என்று அவர் காட்டினார். நலமான கால் உள்ளவர் வலி தொடங்கும் முன்பே அறியாமல் எடையை மாற்றிக்கொள்கிறார். தொழுநோயாளிக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும் நுண்ணறை ரப்பர் செருப்புகள் அந்தப் பணியிலிருந்து பரவின. இன்று நீரிழிவு மருத்துவமனைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று எழுதிக்கொடுக்கிறார்களே, அது இதுதான்.

நீரிழிவைப் பேசாமல் நிற்பவர்களின் காலைப் பேச முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. நாற்பதைத் தாண்டிய ஹோட்டல் மாஸ்டரோ காவலரோ தன் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதை அறியாமலே நின்றுகொண்டிருக்கலாம். இவர்களுக்குத்தான் அந்த வெந்நீர் யோசனை ஆபத்தானது. சூடு தெரியாமல் கால் வெந்துபோய் வருகிறவர்களை நீரிழிவு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். வீட்டில் இன்னொருவர் கைவைத்துப் பார்த்துச் சொன்ன இளஞ்சூடு போதும். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும் கூடவே கூடாது. தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். விரலிடுக்குகளையும் விடக்கூடாது.

விரலிடுக்கு என்றதும் ஹோட்டல் பாத்திரம் கழுவுமிடமும் மீன் சந்தையும் நினைவுக்கு வருகின்றன. ஈரத்தில் நிற்கும் கால்களில் நான்காவது ஐந்தாவது விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து ஊறி சேற்றுப்புண் வரும். காளான் கொல்லிக் களிம்பு தடவினால் அரிப்பு ஒரு வாரத்தில் நின்றுவிடும், அதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதனாலேயே திரும்ப வருகிறது. மருத்துவர் சொன்ன காலம் முழுக்கத் தடவ வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்துவது களிம்பைவிட முக்கியம்.

அழுத்தக் காலுறைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முழங்கால்வரை வரும், 15 முதல் 20 மி.மீ. அழுத்தம் தரும் உறை, மாலை வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. காலையில் கால் வீங்குவதற்கு முன்பே போட வேண்டும், இரவில் கழற்ற வேண்டும். சென்னை வெயிலில் அது எளிதல்ல என்பது தெரியும். குளிர்சாதனக் கடைக்குள் வேலை செய்பவருக்குச் சாத்தியம், சிக்னல் காவலருக்குச் சிரமம். நீரிழிவு உள்ளவர்களும் நீண்டகாலம் புகைப்பவர்களும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே போட வேண்டும். அடைப்புள்ள காலில் இறுக்கமான உறை கேடு செய்யும்.

எந்தக் காலுறையும் அசைவுக்கு ஈடாகாது. அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பதினைந்து தடவை இறக்குவது யார் கண்ணிலும் படாமல் செய்யக்கூடியது. கவுன்டருக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குறைவான கட்டை ஒன்று கிடந்தால் ஒரு காலை மாற்றி மாற்றி அதில் வைத்து நிற்கலாம். இடுப்பு வலியும் குறையும். வீட்டுக்குப் போனதும் இதயத்துக்கு மேலே இருக்கும்படி கால்களைச் சுவரில் சாய்த்துக் கால் மணி நேரம் படுப்பது, எந்தத் தைலத்தையும்விட வேகமாக வீக்கத்தை வடிக்கும்.

சில அறிகுறிகளுக்குப் பொறுத்திருக்கவே கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அதோடு மூச்சுத் திணறினால் அவசரப் பிரிவுக்கு. புடைத்த சிரை வெடித்து ரத்தம் கொட்டினால் பதறி நிற்காமல் படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு கால்களிலும் காலையில் எழும்போதே வீக்கம் இருந்தால் வேலையின் மேல் மட்டும் பழி போடாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் தொழிலாளி தனக்குத்தானே செய்துகொள்ளக்கூடியவை. உட்காருவது மட்டும் அவர் கையில் இல்லை. அதனால்தான் அது சட்டத்தின் விஷயமாயிற்று. பிரிட்டனில் 1899இலேயே, கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என்றது. கடை தொழிற்சாலை இல்லையே, அதனால் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அது பயன்படவில்லை. கோழிக்கோட்டில் பி. விஜி தலைமையில் 'பெண்கூட்டு' அமைப்பின் பெண்கள் கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். இரண்டு கோரிக்கைகளும் சேர்ந்தே வந்தது இயல்புதான்: கழிப்பறை இல்லாத கடையில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்றது. நல்ல சட்டம். வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இனி நடைமுறையில் இதைக் காலுக்குப் பயன்படும்படி செய்ய வேண்டும். வாடிக்கையாளர் வரும்போது பணியாளர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் முதலாளிகளிடம் ஆழமாக இருக்கிறது. ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட்டுகளில் காசாளர்கள் உட்கார்ந்தேதான் கணக்குப் போடுகிறார்கள்; அங்கே யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2016இல், ஒரு பணியாளர் ஓரிடத்தில் செய்யும் வேலை உட்கார்ந்து செய்யக்கூடியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், முதலாளியின் விருப்பம் மட்டும் அதை முடிவு செய்யாது என்று தீர்ப்பளித்தது. பில் போடும் வேலையும் மடிப்புக் கலைந்த துணியை அடுக்கும் வேலையும் உட்கார்ந்து செய்யக்கூடியவை. இருக்கை ஸ்டோர் ரூமில் கிடந்தால் பயனில்லை. கவுன்டருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், சட்டென்று எழ முடிகிற உயரமான ஸ்டூலாக இருக்க வேண்டும். மணிக்கு ஐந்து நிமிடம் முறை வைத்து உட்காரவும், கவுன்டர் மாற்றிக் கவுன்டர் போகவும் மேற்பார்வையாளரே அட்டவணை போட வேண்டும். கேட்டு வாங்க வேண்டியிருந்தால் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்கவே மாட்டார். சோதனைக்கு வரும் தொழிலாளர் துறை ஆய்வாளர் எத்தனை ஸ்டூல் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதாது. ஆடித் தள்ளுபடி நாளொன்றில், கூட்டம் சற்றுத் தணியும் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து, எத்தனை பேர் அவற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.